மலையும் பறவையும் தீட்டிய தமிழர்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இக்கால ஓவியத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். பிழைப்பை நாடிப் பட்டான்செருவுக்கு வந்து குடியேறிய நமக்கு, பிற மண்ணிலே பிறந்து வளர்ந்த ஒரு தமிழரின் வரலாறே ஏற்றது என்று கருதினேன்.

ஜெ. சுவாமிநாதன் 1928ஆம் ஆண்டில் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் அவர் கண்டது காவிரியன்று, இமயத்தின் முகடுகள். பொதுவுடைமை இயக்கத்திலும் பத்திரிகைத் துறையிலும் உழைத்தவர். 1950களின் பிற்பகுதியில் போலந்து நாட்டு வார்சா நகரக் கலைக்கழகத்தில் சிறிது காலம் ஓவியம் பயின்றார்.

அந்நாளில் நம் நாட்டு ஓவியர்முன் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, பாரிசு நகரத்துப் புதுமைகளை அப்படியே பின்பற்றுவது. மற்றொன்று, பழமையை மென்மையாக மீட்டெழுதிய வங்காளப் பாணி. இரண்டையும் மறுத்து, 1962இல் பவநகரில் ஒரு வீட்டிலே கூடிய ஓவியர் சிலர் ‘குழு 1890’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். 1890 என்பதை ஆண்டென்று மயங்கற்க. அது அவ்வீட்டின் கதவிலக்கம்! குழுவினர் பன்னிருவர், சென்னை ஓவியர் ரெட்டப்ப நாயுடுவும் அவர்களுள் ஒருவர். 1963இல் தில்லியில் நிகழ்ந்த அவர்களது கண்காட்சியைத் தலைமையமைச்சர் நேரு திறந்துவைத்தார். அப்போது மெக்சிகோ நாட்டுத் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ் முன்னுரை வழங்கினார். கண்காட்சி அந்த ஒன்றே. பின்னர் குழு கலைந்தது.

சுவாமிநாதனுக்குப் பெரும்புகழ் தந்தவை பறவையும் மரமும் மலையும் அமைந்த ஓவியங்கள். அகன்ற மஞ்சள் வெளி. அதிலே வேரற்று மிதக்கும் ஒரு குன்று. அருகே சின்னஞ்சிறு பறவை. அவ்வளவே! துணியும் எண்ணெய் வண்ணமும் மேலைநாட்டார் தந்தவை. ஆயினும், மடிப்பும் நிழலுமின்றி ஒரே வண்ணம் வெளியெங்கும் நிறைந்து ஒளிரும் முறை, பசோலி, காங்ரா முதலிய மலைநாட்டு அரசவைகளில் வளர்ந்த பகாரிச் சிற்றோவியங்களை நினைவூட்டுவது. இரண்டும் அவரிடத்தே சண்டையிடாமல் ஒன்றாய் நின்றன. “இதற்குப் பொருள் யாது?” என்று வினவுவோர் உண்டு. விடியலில் வாயிலிலே கோலமிடும் அன்னையரிடம் நாம் பொருள் கேட்பதில்லையே!

1982இல் போபாலில் பாரத் பவன் திறக்கப்பட்டபோது, அதன் ஓவியக்கூடமாகிய ரூபங்கரை அமைத்தவர் இவரே. மலைவாழ் மக்கள், பழங்குடியினர் ஆகியோரின் படைப்புகளை நகரத்து ஓவியங்களுக்கு நிகராக அங்கே வைத்தார். பாட்டன்கட் என்னும் சிற்றூரிலிருந்து ஜங்கட் சிங் ஷியாம் என்னும் கோண்டு இளைஞர் போபாலுக்கு வந்து உலகறிந்த ஓவியரானது இம்முயற்சியின் பயனே. அவ்விளைஞர் 2001இல், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காகத் தீட்டச் சென்ற இடத்திலே உயிர்நீத்தார். காட்டூர்க் கலைஞரை நகரச் சந்தைக்கு இழுத்தது நன்றோ என்ற வினா அதனால் எழுந்தது. அவ்வினாவை எளிதில் தள்ள இயலாது; எனினும், அவர்தம் சுவரோவியங்களை யாருமே மதியாத நிலை மேலானது என்றும் நான் ஒப்பேன்.

பிற்காலத்திலே சுவாமிநாதன் தம் குன்றையும் பறவையையும் துறந்தார். மண் நிறங்களைக் கொண்டு, பழங்குடியினர் சுவர்களில் இடும் குறிகளைப் போன்ற வடிவங்களைத் தீட்டினார். புகழ் தந்த பாணியை விடுதற்குத் துணிவு வேண்டும். 1994இல் அவர் மறைந்தார்.

நிற்க. நம் சிறுவரைப் படம் எழுதச் சொன்னால், காணாத தென்னந்தோப்பையும் கோபுரத்தையும் நாட்காட்டியைப் பார்த்து எழுதுகின்றனர். எழுதட்டும், நான் குறை கூறவில்லை. ஆனால், ஒன்றன்மேல் ஒன்றாய் விழாமல் நிற்கும் தக்காணத்துக் கரும்பாறைகள் நம்மைச் சுற்றிலும் உள்ளன. மனைகளுக்காக அவற்றுள் பல உடைபட்டுவிட்டன. அடுத்த ஆண்டுப் போட்டியை மண்டபத்திற்குள் நடத்தாமல், எஞ்சிய பாறைகளின் அடியிலே நடத்துமாறு செயற்குழுவினரை வேண்டுகிறேன். தாளும் வண்ணமும் என் பொறுப்பு.