மெழுகிய தரை: ஒரு சொல்லும் ஒரு தொழிலும்



மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் தரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கிடங்குகளிலும் வணிகக் கட்டடங்களிலும் கான்கிரீட் தரையின்மேல் பூசப்படும் எப்பொக்சிப் பூச்சே இன்றைய பொருள். இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். அத்தொடர்பை நான் கண்ட இடம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என்று அழைத்த ஓர் ஆலைக்கட்டடம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கிடந்தது. பின்னர் அதைச் சரக்குக் கிடங்காக மாற்றினார்கள். மழைக்காலத்தில், அவசர அவசரமாக, தரைக்குப் பூச்சு இட்டார்கள். பளபளவென்று கண்ணாடிபோல் இருந்தது. மூன்றே மாதத்தில் கொப்புளம் கண்டது. பிறகு ஒட்டுப்பால் உரிவதுபோலப் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. அடியில் ஈரமும் வெண்பொடியும் இருந்தன. பூச்சைக் கலக்கிய இளைஞர் ஒருவரின் இரு கைகளிலும் தோல் சிவந்து தடித்துப் புண்ணாகியிருந்தது. அவர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். “வாளியில் எழுதியிருந்ததைப் படித்தேன் ஐயா, பொருள்தான் விளங்கவில்லை” என்றார். அந்த ஒரு வாக்கியமே இந்த உரைக்குக் காரணம்.

தரை ஏன் கெட்டது? முதலில் அந்தத் தரையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1877இல் ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. அதன்பின் பேராக் மாநிலமெங்கும் பால்மரக் காடுகள் எழுந்தன. மரத்திலிருந்து வந்த பாலை ஸ்டோரில் நீர் கலந்து, பார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்தார்கள். உறைந்ததை உருளையில் இட்டுத் தாளாக்கிப் புகைக்கூடத்தில் உலர்த்தினார்கள். உறைந்தபின் வடிந்த புளித்த நீர் நாள்தோறும் சிமெண்டுத் தரையில் ஓடியது.

சிமெண்டு காரத்தன்மை உடையது. அதில் கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. பார்மிக் அமிலம் அதனுடன் வினைபுரிந்தால் கால்சியம் பார்மேட் என்னும் உப்பு உண்டாகும். அது நீரில் கரையும். ஆகவே தரை ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் கரைந்து போனது. ஈப்போ மாணவர்களுக்கு இது புதிதன்று. கல்லுமலைக் கோயிலுக்குப் போகும்போது நாம் காணும் சுண்ணாம்புக் குன்றுகளையும் குகைகளையும் நினைத்துப் பாருங்கள். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்ற மழைநீர் மெல்லிய அமிலமாகிக் கல்லைக் கரைத்தே அக்குகைகளைக் குடைந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் அதே சுண்ணாம்புக் கல்தான் சிமெண்டுக்கும் மூலப்பொருள். குன்று கரைவதற்கும் தரை கரைவதற்கும் அடிப்படை ஒன்றே, காலம்தான் வேறு.

இத்தகைய தரையைக் காக்கும் பூச்சுகளில் ஒன்று எப்பொக்சி. 1930களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் செயற்கைப் பல்லுக்கான பொருளைத் தேடியபோது இதனைக் கண்டார். அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ பூச்சுகளுக்காக இதே வழியில் உழைத்தார். இது இரண்டு பாகங்களாக வரும். ஒன்று பிசின், மற்றொன்று அதை இறுகச் செய்யும் இறுக்கி. இரண்டையும் குறித்த அளவில் கலந்தால் வெப்பம் வெளிப்படும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகும். அந்த வலை நீரையும் எண்ணெயையும் மெல்லிய அமிலங்களையும் தடுக்கும். ஆனால் செறிவான பார்மிக் அமிலம் சாதாரண எப்பொக்சியையும் தாக்கும் என்பதை மறக்கக் கூடாது. எதையும் தாங்கும் பூச்சு என்று ஒன்றும் இல்லை.

இறுக்கியின் அளவு கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். கண் அளவில் ஊற்றும் வேலை அன்று இது. கலந்த கலவையை வாளியில் வைத்திருக்கவும் முடியாது. சிறிது நேரத்திற்குள் தரையில் பரப்பிவிட வேண்டும். இதைச் சொன்னபோது, பால் வெட்டி வாழ்ந்த என் பாட்டி நினைவுக்கு வந்தார். பால் தானே உறைந்துவிடுமுன் ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும், அமிலம் அளவு மீறினால் தாள் கெட்டுவிடும், மரப்பட்டை ஈரமாக இருந்தால் வெட்டக் கூடாது: இம்மூன்றும் அவருக்கு நன்றாகத் தெரியும். எப்பொக்சித் தொழிலின் முதல் மூன்று பாடங்களும் இவையே. அறிவு நம்மிடம் இருந்தது. புதிய வாளிக்கு அந்த அறிவைக் கொண்டு செல்லும் சொல்தான் இல்லை.

அடுத்து ஈரம். பழைய ஸ்டோர்த் தரைகள் பலவற்றின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் இல்லை. மண்ணிலிருந்து நீர் நுண்துளைகள் வழியே மேலேறும். மேலே மூடிபோல் ஒரு பூச்சு வந்துவிட்டால், அந்த ஈரம் போக வழியின்றிப் பூச்சையே தூக்கிவிடும். இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சதுர நெகிழித் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளியோ தரையில் கருத்த ஈரத்தடமோ இருந்தால் அத்தரை பூச்சுக்கு ஆயத்தமாகவில்லை. ஒரு நெகிழித் தாளும் ஓர் இரவுப் பொறுமையும் இருந்திருந்தால் நான் சொன்ன கிடங்கு தப்பியிருக்கும்.

மலைப்பகுதியில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ கேமரன் மலைக்கு ஏறினால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பிரிஞ்சாங் இருக்கிறது. காய்கறிகளைத் தரம் பிரிக்கும் கூடங்களும் கிடங்குகளும் அங்கே நிறைய உண்டு. அவற்றின் தரை எந்நேரமும் நனையும்.

காற்றில் உள்ள நீராவி குளிர்ந்து நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். குளிர்ந்த நீர் ஊற்றிய கோப்பையின் வெளிப்புறம் வியர்ப்பது இதனால்தான். பூச்சிடும்போது தரையின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது மிகுந்திருக்க வேண்டும் என்பது தொழிலில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. கணக்கிட்டுப் பார்ப்போம். மலையில் காற்று 18 பாகை செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடு எனில், பனிநிலை ஏறத்தாழ 16 பாகை. தரை 17 பாகையில் இருந்தால் இடைவெளி ஒரே பாகை. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் எந்நேரமும் படியலாம். ஈப்போவில் காற்று 27 பாகை, ஈரப்பதம் 85 விழுக்காடு எனில், பனிநிலை ஏறத்தாழ 24 பாகை. நிழலில் கிடக்கும் தரை காலையில் 25 பாகையில் இருந்தால் அங்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

குளிர் இறுகுதலையும் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தில் இறுக்கியில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து, மேற்பரப்பில் பிசுபிசுப்பான வெண்படலத்தை உண்டாக்கும். அதைக் கழுவித் தேய்த்து அகற்றாமல் அடுத்த பூச்சை இட்டால் இரண்டும் ஒட்டாது. எனவே மலையில் மூடுபனி விலகிய பின் தொடங்கி, பிற்பகல் பனி இறங்குவதற்கு நெடுநேரம் முன்பே நிறுத்துவது நல்லது. குளிருக்கென்று தனியாகச் செய்யப்பட்ட இறுக்கியைப் பயன்படுத்துவது அதனினும் நல்லது.

இனி, மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை. புதிய கான்கிரீட்டின் மேலே வலுவற்ற மெல்லிய படிவு ஒன்று இருக்கும். கொத்தனார் வழக்கில் ‘சிமெண்டுப் பால்’ என்ற சொல் உண்டு. அந்தப் பால் மேலே வந்து காய்ந்ததே இப்படிவு. அதைத் தேய்த்து அகற்றினால்தான் பூச்சு பிடிக்கும். தேய்க்கும்போது எழும் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலைத் தழும்பாக்கும். அந்நோய் வந்தபின் மீட்சி இல்லை. தூசியை உறிஞ்சும் கருவியும் தகுந்த முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். அதுபோலவே இறுகாத பிசினும் இறுக்கியும் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாததாகிவிட்டால், பிறகு சிறு துளி பட்டாலும் புண் வரும்; அத்தொழிலையே விட நேரிடும். இறுகிய தரை தீங்கு செய்யாது, இறுகும்வரைதான் ஆபத்து. நான் சந்தித்த இளைஞருக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவர் வெறுங்கையால் கலக்கினார்.

இங்கேதான் மொழி வருகிறது. தரைப் பூச்சு தமிழருக்குப் புதியதன்று. நம் தோட்டத்து லயங்களில் தாய்மார்கள் மண் தரையைச் சாணத்தால் மெழுகினார்கள். புறநானூற்றுப் பாடல் ஒன்றில், கணவனை இழந்த பெண் படையல் இடுவதற்காக முறத்தின் அளவுள்ள சிறிய இடத்தைச் சாணத்தோடு தன் கண்ணீரையே நீராக்கி மெழுகுகிறாள். அவ்வளவு பழைய வினைச்சொல் நம்மிடம் இருக்கிறது. இத்தொழிலைத் ‘தரை மெழுகுதல்’ என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. எப்பொக்சி என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். அது பொருளின் பெயர். ஆனால் செய்முறையும் எச்சரிக்கையும் தமிழில் இருக்க வேண்டும். பிசின், இறுக்கி, கலவை அளவு, கலவை தாங்கும் நேரம், பனிநிலை, ஒவ்வாமை: இந்த ஆறு சொற்களும் விளங்கினால் ஒரு தொழிலாளி தன் கையையும் தரையையும் காத்துக்கொள்வார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் வகுப்பில் பனிநிலையைக் கற்பிக்கும்போது, பள்ளி மண்டபத்தின் தரையில் ஒரு நெகிழித் தாளை ஒட்டி மறுநாள் மாணவர்களையே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாணவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் கட்டுமான வேலைக்குப் போகும் அண்ணனோ மாமாவோ இருந்தால், அவர் கொண்டுவரும் வாளியின் குறிப்பை உரக்கப் படித்துத் தமிழில் சொல்லுங்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஒருவருடைய கை புண்ணாகாமல் இருக்கும்.

அந்த இளைஞரின் கேள்விக்குக் காலம் கடந்துதான் என்னால் விடை சொல்ல முடிந்தது. அடுத்தவருக்கு அது காலத்தில் கிடைக்கட்டும்.