கவிஞரும் புத்தக வணிகரும்

கவிதையின் பெருமையைப் பற்றி நாம் பலகாலும் பேசுகிறோம். அதன் விலையைப் பற்றிப் பேசுவது அரிது. அவ்வாறு பேசுவது இழிவு என்று எண்ணுவாரும் உளர். எனினும், ஒரு கவிஞர் பிறர் கையை எதிர்பாராமல் வாழ முடிந்ததா என்னும் வினாவுக்கு அவருடைய வரவுக் கணக்கே விடை கூறும். மாணவ நண்பர்களே, ஆங்கிலக் கவிஞர் இருவருடைய கணக்கை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாமவர் மில்டன். தமிழில் ‘சுவர்க்க நீக்கம்’ என்று பெயர் பெற்ற தம் காவியத்தை அவர் 1667ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சாமுவேல் சிமன்ஸ் என்னும் அச்சகத்தாருக்கு எழுதிக் கொடுத்தார். கையில் பெற்ற தொகை 5 பவுன். முதற் பதிப்பில் 1,300 படிகள் விற்றால் மேலும் 5 பவுன். அடுத்த இரு பதிப்புகளுக்கும் அவ்வாறே ஐந்தைந்து பவுன். இரண்டாம் தவணை 1669இல் கிடைத்தது. 1674இல் கவிஞர் மறைந்தார். 1680இல் அவருடைய மனைவி 8 பவுன் பெற்றுக்கொண்டு எஞ்சிய உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்தார். ஆகக் குடும்பத்தின் கைக்கு வந்தது 18 பவுன்.

இதற்காகச் சிமன்ஸைப் பழித்தல் முறையன்று. மன்னராட்சி மீண்டபின் செல்வாக்கும், அதற்கு முன்பே கண்ணொளியும் இழந்திருந்த ஒருவரின் நெடுங்காவியத்தை அச்சிட அவர் துணிந்தார். குறை அக்கால வழக்கில் இருந்தது. நூலுரிமை என்பது அன்று பெரும்பாலும் வணிகரின் உடைமை. எழுதியவருக்கே உரிமை உண்டு என்று சட்டம் கூறியது 1710இல்தான். அச்சட்டம் புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை அளித்தது. அதன் முடிவில் ஆசிரியர் உயிருடன் இருந்தால் மேலும் 14 ஆண்டு.

இரண்டாமவர் அலெக்ஸாண்டர் போப். அவர் கத்தோலிக்கர், ஆதலால் பல்கலைக்கழகப் பட்டமும் அரசாங்கப் பதவியும் அவருக்குக் கிட்டாதவை. எழுதுகோல் ஒன்றே துணை. ஒரு சீமாட்டியின் கூந்தற் சுருள் களவு போனதைப் பாடிய கவிதையின் முதல் வடிவத்திற்கு, 1712இல் பெர்னார்ட் லின்டட் என்னும் வணிகர் 7 பவுன் தந்தார்; 1714இல் விரிந்த வடிவத்திற்கு 15 பவுன். நான்கு நாட்களில் 3,000 படிகள் விற்றன என்று போப் நண்பர் ஒருவருக்கு எழுதினார். ஆதாயம் யாரைச் சேர்ந்தது என்பதை நீங்களே கணக்கிடலாம்!

அதே மாதத்தில் அவர் வேறு வகையான உடன்படிக்கை செய்துகொண்டார். ஹோமரின் ‘இலியட்’ காவியத்தை ஆறு தொகுதிகளாக மொழிபெயர்ப்பது. தொகுதிக்கு 200 கினி லின்டட் தருவது. முன்பதிவு செய்தோருக்குரிய படிகளையும் அவரே இலவசமாக அச்சிட்டுத் தருவது. அவர்கள் தொகுதிக்கு ஒரு கினி வீதம் செலுத்தும் பணம் கவிஞருக்கே உரியது. 575 பேர் பெயர் பதிந்தனர். 1715 முதல் 1720 வரை வெளிவந்த அந்நூலால் போப் ஏறக்குறைய 5,000 பவுன் ஈட்டினார். 1719இல் தேம்ஸ் நதிக்கரையில் ட்விக்கன்ஹாம் என்னும் ஊரில் குடியேறி, எந்தப் பிரபுவுக்கும் கடமைப்படாமல் வாழ்ந்தார். பிற்காலத்தில் பெரியோரை அஞ்சாது சாடும் அங்கதங்களை அவர் எழுத முடிந்ததற்கு இப்பொருளும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கணக்கின் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. அடுத்து வந்த ‘ஒடிஸி’ மொழிபெயர்ப்பின் 24 காண்டங்களுள் போப் செய்தவை 12. புரூம் என்பவர் எட்டும், ஃபென்டன் என்பவர் நான்கும் செய்தனர். ஆயினும் உலகுக்கு அறிவித்தபோது எட்டு மூன்றாகவும், நான்கு இரண்டாகவும் சுருங்கின. புகழிலும் பொருளிலும் பெரும்பங்கு போப்பையே சேர்ந்தது. வணிகரிடம் தம் உழைப்பின் விலையைக் கேட்டுப் பெற்றவர், தமக்காக உழைத்தோரின் பங்கைக் குறைத்துக் காட்டினார்.

நாளை உங்களுள் சிலர் நூலாசிரியர் ஆகலாம். சிலர் பதிப்பாளர் ஆகலாம். கையொப்பம் இடுமுன் உடன்படிக்கையை முழுவதும் படியுங்கள். உங்கள் பங்கு அதில் உள்ளதா என்று பாருங்கள். உங்களுடன் உழைத்தவரின் பங்கு உள்ளதா என்றும் பாருங்கள்.