இறைச்சிக் கணக்கில் யார் பங்கு குறைகிறது?



மாட்டிறைச்சிக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று காப்பார் வட்டாரத்து இந்து இல்லத்தரசி ஒருவரிடம் கேட்டால், "அது எங்கள் வீட்டில் சமைப்பதில்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். சரி, கோழி, ஆடு எல்லாம் சேர்த்து இறைச்சிக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வராது. வீட்டு வாடகை தெரியும், மோட்டார் சைக்கிள் தவணை தெரியும், மின்கட்டணம் தெரியும். இறைச்சிக்கு மட்டும் கணக்கு இல்லை. வாரத்திற்கு இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதால் அது கண்ணில் படுவதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள குடும்பம். வாரத்திற்கு இரண்டு கிலோ எடையில் மூன்று கோழிகள். கணக்குக்காகக் கிலோ 10 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் வாரத்திற்கு 60 ரிங்கிட், நான்கு வாரத்திற்கு 240 ரிங்கிட். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கோழிக்கு மட்டுமே போய்விடுகிறது. ஆட்டிறைச்சி, மீன், முட்டை இன்னும் சேரவில்லை.

வெளியில் சாப்பிடும் இறைச்சி வேறு இருக்கிறது. புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டுக் குடும்பச் செலவின ஆய்வின்படி, மலேசியக் குடும்பம் ஒன்றின் சராசரி மாதச் செலவு 5,150 ரிங்கிட். அதில் வீட்டுக்கு வாங்கும் உணவு, பானங்களுக்கு 16.3 விழுக்காடு. உணவகங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் 16.1 விழுக்காடு. இரண்டும் கிட்டத்தட்டச் சமம்! மேரு, காப்பார் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர் மதிய வேளையில் சாப்பிடும் கோழிக்கறிச் சோறு வீட்டுக் கணக்கில் வருவதில்லை. ஆனால் அதுவும் அதே சம்பளத்தில் இருந்துதான் போகிறது.

விலை ஏறுவதற்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது பழக்கமாகிவிட்டது. உண்மை சற்று விரிவானது. கோழி இங்கேதான் வளர்கிறது. அது தின்னும் சோளமும் சோயாவும் கப்பலில் வருகின்றன. கோழி வளர்ப்புச் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே போகிறது. 2022இல் உக்ரேனில் போர் மூண்டபோது தீவன விலை ஏறியது. அந்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது. ஜூலையில் தீபகற்பத்தில் கோழியின் உச்ச விலை கிலோ 9 ரிங்கிட் 40 சென் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2023 நவம்பர் 1 முதல் கோழிக்கான உதவித்தொகையும் உச்ச விலையும் நீக்கப்பட்டன. 2025 ஆகஸ்டு 1 முதல் முட்டைக்கான உதவித்தொகையும் நின்றது. அதுவரை அரசாங்கம் சுமந்த பாரத்தில் ஒரு பகுதி வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆட்டிறைச்சியின் நிலைமையும் இதுதான். மாட்டிறைச்சியிலும் ஆட்டிறைச்சியிலும் பெரும்பகுதி இறக்குமதி. ரிங்கிட்டின் மதிப்பு இறங்கினால் கறியின் விலை ஏறும். தோட்டப்புறங்களில் தீபாவளிக்கு நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிக் கூறு போட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதில் ஒற்றுமையும் இருந்தது, சிக்கனமும் இருந்தது. இன்று அவரவர் தனித்தனியாக வாங்குகிறார்கள். பண்டிகைக் கால உச்ச விலைத் திட்டத்தில் சேர்க்கப்படும் பொருள்களுக்கு இளஞ்சிவப்பு விலைப் பட்டியல் வைக்க வேண்டும் என்பது விதி. அந்த அட்டையைப் பார்த்து வாங்குபவர்கள் எத்தனை பேர்?

விலை ஏறும்போது வீட்டில் யார் பங்கு குறைகிறது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. கணவருக்கு ஒரு துண்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு, மாமியாருக்கு ஒரு துண்டு. கடைசியில் சட்டியில் மிஞ்சுவது குழம்பும் உருளைக்கிழங்கும். "எனக்குக் குழம்பே போதும்" என்று சமைத்தவர் சொல்லிவிடுகிறார். இதைத் தியாகம் என்று பாராட்டிவிட்டுப் போய்விட முடியாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் இரும்புச்சத்துக் குறைந்த உணவும் ஒன்று.

இதற்கு என்ன செய்யலாம்? அந்தக் காலத்தில் மளிகைக் கடைக் கடனுக்கென்று சட்டைப்பையில் அடங்கும் 555 புத்தகம் இருந்தது. அப்படி ஒரு சின்னப் புத்தகம் போதும். ஒரு மாதத்திற்கு மட்டும் இறைச்சி, மீன், முட்டை வாங்கிய தேதி, எடை, விலை மூன்றையும் எழுதட்டும். வெளியில் சாப்பிட்டதைக் கணவரும் பிள்ளைகளும் எழுதட்டும். மாதக் கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கட்டும். வெளியில் சாப்பிடுவதில் வாரம் இரண்டு வேளையைக் குறைத்தாலே வீட்டுச் சட்டியில் இன்னும் சில துண்டுகள் விழும். விலை குறைந்த கோழி ஈரல், நெத்திலி, பருப்பு, முருங்கைக்கீரை ஆகியவற்றுக்கும் அந்தப் புத்தகத்தில் இடம் கிடைக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். சட்டியில் போடுவதையும் அளந்து போடலாம். ஆனால் அளக்கும்போது வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு வைத்து அளக்க வேண்டும். சமைப்பவரின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறினால் என்ன? அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் ஒருமுறை செய்து பாருங்கள்.