முன்னறிகுறிகளை அறிந்துகொள்வோம்



பொருளாதாரம் தளர்வதை நாளிதழ்கள் எழுதும் முன்னரே வெட்டுக்காடு நமக்கு உணர்த்திவிடும். மறுநடவு தள்ளிப்போகும், உரமிடுதல் குறையும், கூடுதல் நேர வேலை நின்றுவிடும், சம்பள நாள் தவறும். மளிகைக் கடைக்காரரும் பற்றெழுத மறுத்து ரொக்கம் கேட்பார். அவருக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரி கடனை நிறுத்தியிருக்கக்கூடும்.

இது நமக்குப் புதியதன்று. 1925ஆம் ஆண்டில் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விலைபோயிற்று. 1932ஆம் ஆண்டிலோ பத்துக் காசுக்கும் கீழே வீழ்ந்தது. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அன்று ஊழியர் சேமநிதி இல்லை; அது 1951ஆம் ஆண்டில்தான் தோன்றியது.

இன்று நமக்குச் சட்டத்தின் துணை உண்டு. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் சம்பளம் கொடுக்கப்படல் வேண்டும். ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவர் ஆட்குறைப்புக்கு உள்ளானால், 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடாகக் கிடைக்கும். 2018 முதல் பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டமும் நடைமுறையில் உள்ளது. வேலை இழந்த 60 நாட்களுக்குள் அதற்கு விண்ணப்பித்தல் அவசியம்.

ஆகவே, சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சேமநிதிக் கணக்கில் மாதந்தோறும் பணம் சேர்கின்றதா எனப் பாருங்கள். சம்பளம் தவறினால் தொழிற்சங்கத்திடமும் சிரம்பான் தொழிலாளர் இலாகாவிடமும் உடனே தெரிவியுங்கள். கடைப் பற்று ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். அறிகுறி தெரிந்த அன்றே செயற்படுவோர் குடும்பத்தைக் கடனினின்றும் காப்பர்.