கப்பலைப் பார்த்தார்கள், கணக்கைப் பார்க்கவில்லை

போரிடும் ஓர் ஆட்சிக்கு எண்ணெய் விற்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போடுகிறது. எண்ணெய் நிறுவனங்கள் அதை மதிக்கின்றனவா என்று யார் பார்ப்பது? தடை போட்ட அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்று நாம் நம்புகிறோம். அன்று பிரிட்டனின் குடியேற்ற நாடாயிருந்த, இன்று ஜிம்பாப்வே எனப்படும் ரொடீஷியாவின் விவகாரத்தைப் படித்தவர்களுக்கு அந்த நம்பிக்கை நிலைக்காது. 1965 நவம்பர் 11 அன்று இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு, பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு ஆட்சியில் இடம் தராமல், தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. அடுத்த மாதமே பிரிட்டன் எண்ணெய்த் தடை கொண்டுவந்தது. கடற்கரையும் எண்ணெய்க் கிணறும் இல்லாத அந்த நாடு சில வாரங்களில் பணிந்துவிடும் என்று பிரதமர் ஹரால்டு வில்சன் கணக்குப் போட்டார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது தாக்குப்பிடித்தது. 1972க்குப் பிறகு கறுப்பின விடுதலைப் படைகளுடனான போர் மூர்க்கமானபோது, ராணுவ லாரிக்கும் ஹெலிகாப்டருக்கும் எரிபொருள் இருந்தது.

அது எப்படி வந்தது? மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்திலிருந்து ரொடீஷியாவின் உம்டாலி சுத்திகரிப்பு ஆலைக்கு ஒரு குழாய் போனது. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1966 ஏப்ரல் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 1975 வரை அந்தத் துறைமுகத்துக்கு வெளியே ரோந்து சுற்றின. வாசலில் காவல் பலமாக இருந்தது. கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது. அதே மொசாம்பிக்கின் தெற்கே, இன்று மபுட்டோ எனப்படும் லோரன்சோ மார்க்கஸில் எண்ணெய் இறங்கி, ரயில் ஏறி ரொடீஷியா போனது. விற்றவற்றில் ஷெல் மொசாம்பிக்கும் ஒன்று. ஷெல்லும் பி.பி.யும் கூட்டாக நடத்திய அந்த நிறுவனம் பிரிட்டனிலேயே பதிவானது. ஆகவே தடைச் சட்டம் அதை நேரடியாகக் கட்டுப்படுத்தியது. விஷயம் வெளியே கசியத் தொடங்கியதும், 1968இல் ஒரு மாற்று ஏற்பாடு பிறந்தது. ரொடீஷியாவுக்குப் பிரெஞ்சு நிறுவனமான டோட்டல் அனுப்பும். அதற்கு ஈடான அளவைத் தென்னாப்பிரிக்காவில் ஷெல் டோட்டலுக்குக் கொடுத்துவிடும். ரொடீஷியாவுக்கு ஒரு பீப்பாய்கூடக் குறையவில்லை. பில்லில் இருந்த பெயர் மட்டும் மாறியது. பிரிட்டிஷ் நிறுவனம் எதுவும் எண்ணெய் அனுப்பவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்ல வழி கிடைத்தது. 1971இல் இந்த ஏற்பாடும் முடிந்து, பழைய வழியிலேயே சரக்கு போனது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு என்பார்கள். தென்னாப்பிரிக்கக் கிளைகள் அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. வாங்குபவர் சரக்கை எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்க முடியாது. பிரிட்டிஷ் நிறுவனங்கள் விலகினாலும் வேறு யாராவது விற்றிருப்பார்கள். கடைசி வாதம் உண்மையாகவே இருக்கலாம். தென்னாப்பிரிக்காவோடு பொருளாதார மோதலுக்குப் போகும் தெம்பு அன்றைய பிரிட்டனுக்கு இல்லை என்பதும் மெய். அப்படியென்றால் அதைத்தான் நாட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தடை பலிக்கவில்லை என்று தெரிந்திருந்தால் வேறு வழி தேட வேண்டிய கட்டாயம் வந்திருக்கும். அந்தக் கட்டாயத்தைத்தான் பெயர் மாற்றம் தள்ளிப்போட்டது. இதை நான் சில்லறைத் தவறாக நினைக்கவில்லை. அந்தப் போரில் 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அரசாங்கத்துக்குத் தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல வழியில்லை. பி.பி.யில் சுமார் பாதிப் பங்கு அரசாங்கத்துடையது. இயக்குநர் குழுவில் அரசு நியமித்த இருவர் இருந்தார்கள். 1968இலும் 1969இலும் அமைச்சர் ஜார்ஜ் தாம்சன் நிறுவனத்தாரைச் சந்தித்தார். மாற்று ஏற்பாடு அவரிடம் விளக்கப்பட்டது. தாம் பிரதமருக்கும் சக அமைச்சர்களுக்கும் தெரிவித்ததாக அவர் பின்னாளில் சொன்னார், வில்சன் மறுத்தார். கண்காணிக்க வேண்டியவரே பங்குதாரராகவும் இருந்தால் கேள்வி எங்கிருந்து வரும்? வெளியிலிருந்துதான் வந்தது. 1976இல் ஓர் அமெரிக்கத் திருச்சபை அமைப்பு ஆவணங்களோடு அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டு வெளியுறவு அமைச்சர் டேவிட் ஓவன், வழக்கறிஞர் தாமஸ் பிங்ஹாமை விசாரிக்கச் சொன்னார். 1978 செப்டம்பரில் வெளியான பிங்ஹாம் அறிக்கை பில்களையும் கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் வரிசைப்படுத்திக் காட்டியது. தடை வந்த முதல் ஆண்டிலேயே ஒரு தணிக்கையாளரை அனுப்பியிருந்தால் இவற்றில் பலவற்றைப் பார்த்திருக்கலாம். போர்க்கப்பலுக்கு ஆகும் செலவில் ஒரு துளிகூட அதற்கு ஆகியிருக்காது. அமைச்சர்களின் பங்கை ஆராயத் தனிக் குழு வேண்டும் என்ற முடிவை 1979இல் பிரபுக்கள் சபை நிராகரித்தது. அதே ஆண்டு டிசம்பரில், யார் மீதும் வழக்கு இல்லை என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் அறிவித்தார். மூடிக் கிடந்த பெய்ராக் குழாயின் உரிமையாளரான லோன்ரோ நிறுவனம் தானே வழக்குத் தொடுத்துப் பார்த்தது. தடை ஆணையை மீறியதற்காகத் தனியார் இழப்பீடு கேட்க முடியாது என்று 1981இல் தீர்ப்பானது. வழக்குப் போடும் உரிமை அரசாங்கத்திடம் மட்டுமே மிஞ்சியது. அரசாங்கமோ அதை ஏற்கெனவே கைவிட்டிருந்தது.