ஐம்பது மீற்றரில் ஒரு வெண்கலம்: சந்தீப் செஜ்வாலின் மார்பு நீச்சல்

போட்டி நீச்சலின் நான்கு வகைகளில் மிக மெதுவானது மார்பு நீச்சல். இரு கைகளும் ஒரே நேரத்தில் நீரை இழுக்க வேண்டும். இரு கால்களும் தவளையின் கால்கள்போல் மடங்கி ஒன்றாக உதைக்க வேண்டும். திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் சேர்ந்தே சுவரைத் தொட வேண்டும். கால்களை மடக்கும் ஒவ்வொரு தடவையும் நீர் உடலைத் தடுக்கிறது. ஆகவே இழுப்பு, மூச்சு, உதை, உடலை நீட்டி வழுக்கிச் செல்லுதல் ஆகிய நான்கும் தருணம் தவறாமல் தொடர வேண்டும். அந்த ஒழுங்கு குலைந்தால் எவ்வளவு உடல்வலு இருந்தும் பயனில்லை. 

இக்கலையில் தெற்காசியாவிலிருந்து உயர்ந்தவர் இந்திய வீரர் சந்தீப் செஜ்வால். 1989 இல் பிறந்த இவர் டில்லியைச் சேர்ந்தவர். பெங்களூரில் நிஹார் அமீனிடம் பயிற்சி பெற்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 19 வயதில், 100 மீற்றரை 1 நிமிடம் 2.19 செக்கனிலும் 200 மீற்றரை 2 நிமிடம் 15.24 செக்கனிலும் நீந்தினார். இரண்டிலும் முதற்சுற்றைத் தாண்டவில்லை. இரு தங்கங்களையும் வென்ற ஜப்பானின் கொசுகே கிதாஜிமா 100 மீற்றரை 58.91 செக்கனிலும் 200 மீற்றரை 2 நிமிடம் 7.64 செக்கனிலும் முடித்தார். முதலாவதில் மூன்று செக்கனுக்கு மேலாக இருந்த இடைவெளி, இரண்டாவதில் ஏழரை செக்கனைத் தாண்டியது.

செஜ்வாலின் வலிமை குறுந்தூரத்தில் வெளிப்பட்டது. 50 மீற்றர் என்பது ஒலிம்பிக் அளவுத் தடாகத்தின் ஒரே நீளம். அதில் திரும்புதல் இல்லை. பாய்ச்சல், நீருக்கடியிலான முதல் இழுப்பு, கைகால்களின் வேகம் ஆகியவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. 2014 இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இத்தூரத்தை 28.26 செக்கனில் கடந்து வெண்கலம் வென்றார். தங்கம் பெற்ற கசகஸ்தானின் திமித்ரி பலாண்டின் எடுத்த நேரம் 27.78, வித்தியாசம் அரை செக்கனுக்கும் குறைவு. அந்த பலாண்டினே 2016 ரியோ ஒலிம்பிக்கில் 200 மீற்றர் மார்பு நீச்சலில் தங்கம் வென்றவர்.

இப்பதக்கத்தின் அருமையை வரலாறு காட்டுகிறது. 1986 இல் சியோல் ஆசிய விழாவில் கசான் சிங் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் வெள்ளி வென்றபின், இந்திய நீச்சலுக்கு அடுத்த ஆசிய விழாப் பதக்கம் கிடைக்க 24 ஆண்டுகள் சென்றன. 2010 இல் குவாங்சோவில் வீர்தவால் காடே அதே வகை நீச்சலில் வெண்கலம் வென்றார். அவருக்கு அடுத்து வந்தவர் செஜ்வால்.

2016 இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் அவர் தங்கம் வென்றார். 2018 ஜகார்த்தா ஆசிய விழாவில், 29 வயதில், 50 மீற்றரை 28 செக்கனுக்குள் முடித்து ஏழாமிடம் பெற்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வெண்கலம் தந்த நேரத்தைவிட அது விரைவானது. ஆசிய மார்பு நீச்சல் அதற்குள் அவ்வளவு முன்னேறியிருந்தது. முப்பதை நெருங்கும் வயதிலும் தம் வேகத்தைக் கூட்டிய அவரது உழைப்பு போற்றுதற்குரியது.

அவர் போட்டியிட்ட காலம் முழுவதும் ஒலிம்பிக்கில் 50 மீற்றர் மார்பு நீச்சல் இடம்பெறவில்லை. தமக்கு மிகப் பொருந்திய தூரத்தில் ஒலிம்பிக் களம் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அப்போட்டி சேர்க்கப்பட்டுள்ளது. தெற்காசியாவின் குறுந்தூர வீரர்களுக்கு இனி அந்த வழி திறந்திருக்கிறது.