செல்லப் பெயரும் செக்றோல் பெயரும்

(நாவலப்பிட்டியில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் லயங்களில் ஒரே பெயரோடு வாழ்கிறவர்கள் குறைவு. பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்போம். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்பது பழைய வழக்கம். அதனால் வீரையா என்று பதிந்த பிள்ளை தாய்க்கு 'ராசா' ஆகிவிடுவான். பாட்டி பெயர் வைத்த பெண்பிள்ளை, தானே பேரப்பிள்ளை எடுத்த பிறகும் 'பாப்பா'தான். ஒரே லயத்தில் இரண்டு வீரையா இருந்தால் ஒருவர் பெரியவர், மற்றவர் சின்னவர். தோட்டத்தின் பெயரும் ஆளோடு ஒட்டிக்கொள்ளும். 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் உயிர்விட்ட கோவிந்தனை இன்றும் முல்லோயா கோவிந்தன் என்றுதானே சொல்கிறோம்!

இந்தப் பெயர்களை நாங்கள் விடச் சொல்லவில்லை. ஆனால் அது யார் வாயில் வருகிறது என்று பார்க்க வேண்டும். தாய் 'குட்டி' என்றால் பாசம். பேரன் வயதுள்ள உத்தியோகத்தர் பிரட்டுக்களத்தில் நம் தாய்மாரை 'ஏ குட்டி' என்றால் அது மரியாதைக் குறைவு. அப்போது முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி கேட்பது நம் உரிமை. நாமும் ஒருவரின் ஊனத்தை, நிறத்தை வைத்துப் பட்டப் பெயர் சொல்வதை நிறுத்துவோம். கூப்பிட்டதும் அந்த ஆள் சிரித்துக்கொண்டு திரும்பினால் அது செல்லப் பெயர். தலை குனிந்தால் அது ஏச்சு.

இனி காசு விஷயம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் குறைந்தது 8 வீதமும், நிர்வாகம் 12 வீதமும் கட்ட வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைக் கேட்டு வாங்கலாம். பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, செக்றோலில் ராசாத்தி, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று இருந்தால், மூவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டி வரும். மலையேறி உழைத்த காசு ஒரு பெயருக்காகத் தடைபடலாமா?

1948இல் நம் மக்களின் குடியுரிமை பறிபோனது. மிச்சமிருந்தவர்களுக்கும் வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். அத்தனை பாடுபட்டுக் கிடைத்த காகிதத்தில் நம் பெயர் பிழையாக இருக்கக்கூடாது.

ஆகவே, பிள்ளை பிறந்ததும் வைக்கும் பெயரைத் தெளிவாக எழுதிக் கொண்டுபோய்ப் பதியுங்கள். பதிந்ததை அங்கேயே ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலைக்குப் பெயர் கொடுக்கும்போது அடையாள அட்டையைக் காட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைப்பதும் உதவும். ஓய்வுக்கு நாள் நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் தகரப் பெட்டியைத் திறந்து, மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தோட்டத் தலைவரிடம் கொண்டு வாருங்கள். பக்கத்து வீட்டுப் பாப்பா அக்காவிடமும் சொல்லுங்கள். முதலில் அவருடைய முழுப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.